ராத்திரி வண்டி

கதவைத் தட்டுவது பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் என்று ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே தையல்காரர் மனைவி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு" என்று தையல்காரர் மிஷினுக்குப் பின்னால் பதுங்கினார்.

"ஊரடங்குல வேற எங்க போயிருக்கீங்கன்னு சொல்லட்டும்?"

எல்லாம் இவரால் வந்த வினை. கடையை மூடியதிலிருந்து மனிதருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பகலில் படுப்பது, ஓயாமல் செய்தி பார்ப்பது, பிழைப்பை நினைத்துக் கவலைப்படுவது, இதெல்லாம் கூடாது என்று போனில் டாக்டர் சொன்னார். பகல் படுக்கையை விட்டார், செய்தியை விட்டார். கவலைதான் அவரை விடவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் முகக்கவசத்துக்குப் பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார்.

அதைப் பார்த்துப் பயந்துபோன பிறகுதான் அவளுக்கு மூளையில் பொறி தட்டியது. வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். இப்போது ரயிலே ஓடவில்லையே!

ரயில் ஓடும் சத்தத்தைப் போனில் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. முந்தாநாள் ராத்திரி போனில் சார்ஜ் தீர்ந்து சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஹெட்மாஸ்டர் வீட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து 'டொக் டொக்' என்று தட்டல். ஸ்பூன் கீழே விழுந்தாலே சண்டைக்கு வருகிறவர். அதோடு சரி, அவள் நேற்று ஸ்பீக்கரைத் தொடவே இல்லை.

இப்போது கதவைத் திறந்தவள் அவரை வாயைத் திறக்கவே விடவில்லை. தப்புதான் என்றாள். வீட்டுக்காரர் தூங்காமல் படும் பாட்டைச் சொன்னாள். இனிமேல் ரயில் சத்தம் ஹெட்மாஸ்டர் காதில் விழவே விழாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

ஹெட்மாஸ்டர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ஏம்மா வண்டி விடல?"