ஐந்து கரண்டிக் கஞ்சி

ஜன்னல் வழியாக விழும் காலை வெயிலில் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து ஆவி மெல்ல எழுகிறது. குடலைச் சுத்தம் செய்கிறேன் என்று விளம்பரத்தில் பார்த்த பொடியை ஐந்து நாள் கரைத்துக் குடித்து, சுருண்டு விழுந்த அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுவரை எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. தம்பி கொத்தனார். சிமெண்டில் வெடித்த அவன் விரல்களுக்கு நடுவே தேக்கரண்டி தீக்குச்சியாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. சுவரில் பூச்சு பார்க்கும் அதே கண்ணால் கஞ்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறான், ஊதுகிறான், நீட்டுகிறான். “போதும்டா” என்கிறாள் அக்கா. “டாக்டர் அஞ்சு ஸ்பூன் சொன்னாருக்கா, இப்பதான் மூணு ஆச்சு. மெதுவா குடி, நான் இன்னைக்கு வேலைக்குப் போகல.”

ஐந்தாவதும் இறங்குகிறது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடிகாரத்தில் அரைமணி நகர்கிறது. குமட்டல் வரவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டு ஓய்கிறபோது அவள் வயிற்றுக்குள்ளிருந்து ‘கொர்’ரென்று நீளமாக ஒரு சத்தம். அக்கா வயிற்றில் கைவைத்து வெட்கத்தோடு சிரிக்கிறாள். “பசிக்குதுடா.” ஆறு மாடிச் சாரத்தில் அசையாமல் நிற்கிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறான்.