மெஷின் ஏற்காத கட்டைவிரல்

உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் பேச்சிக்கனி, ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை. வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது.

“எல்லாம் உன்னாலதான்!” என்று பைக்குள்ளிருந்து சீறியது ரேஷன் கார்டு.

“உப்பு வாரி வாரி ரேகை தேஞ்சு போச்சு, அண்ணாச்சி,” என்ற கட்டைவிரல், அவள் ரேகையைப் பதிவு செய்து வைத்திருந்த அடையாள அட்டையிடம் கெஞ்சியது. “அவ மூஞ்சி உங்ககிட்டதானே இருக்கு? மிச்சமிருக்கிற பாதி ரேகைக்கு ஒத்துக்கிடுங்களேன்.”

“பேரம் பேச இதென்ன மீன் சந்தையா? முழு ரேகையோட வா, போ!” என்றது அடையாள அட்டை.

விரல் மறுபடியும் உப்பு வாரத்தான் போனது. அடுத்த மாதமும் மெஷின் அதைத் துரத்தியது. ஒரு மத்தியான வெயிலில், வெறும் வயிற்றோடு பாத்தியில் சாய்ந்த பேச்சிக்கனி எழுந்திருக்கவேயில்லை.

இறப்புச் சான்றிதழுக்குக் கட்டைவிரலை யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டையின் நகல் போதும் என்றார்கள்.

“பாத்தியா? செத்தது அவதான்னு நான் சொன்னதும் நம்பிட்டாங்க,” என்று பெருமையடித்தது அடையாள அட்டை.

தன்னில் இருந்த ஒரே பெயரான அவள் பெயரையும் பறிகொடுத்த ரேஷன் கார்டு கேட்டது: “அன்னிக்குக் கடையில எங்கடா போச்சு இந்த வாய்?”