கழுவாத பிளேட்

தேரடித் தெரு அச்சகக்காரர் வேடியப்பனுக்கு ஒரு கர்வம் உண்டு: தான் படிக்காமல் தன் மெஷினில் ஒரு எழுத்தும் அச்சேறாது. மெஷினில் மாட்டி அச்சடிக்கும் புது பிளேட் வாங்குவதிலும் அதே வீம்பு.

"கெமிஸ்ட்ரி-ஃப்ரீ வாங்கலாம். கோந்துத் தண்ணியில கழுவினா எழுத்து பளிச்சுனு தெரியும். மாட்டறதுக்கு முன்னாடியே படிச்சுடலாம்."

"புராசஸ்லெஸ் வாங்குங்க. கழுவவே வேணாம், நேரா மெஷின்ல மாட்டலாம்," என்றாள் மனைவி பொன்னி.

"அதுல எழுத்து கண்ணுக்கே தெரியாதேடி."

"கழுவற ரூம் மிச்சமாகுமே."

அந்த ரூமை, கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறாள் என்று தெருவே முடிவுகட்டியது. அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாததில் வேடியப்பன் இறங்கி வந்தார்.

புது பிளேட்டில் முதல் வேலையை, கம்ப்யூட்டரிலிருந்து பிளேட் போட்டுத் தரும் மகள் தென்றல் கொடுத்தாள். "ஒரு விசேஷப் பத்திரிகைப்பா." வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முணுமுணுத்தபடியே ஓட்டினார்.

முதல் தாள் வந்தது: 'வேடியப்பன் – பொன்னி மணிவிழா அழைப்பிதழ்.'

"எனக்கு அறுபதுன்னு ஊருக்குத் தெரிய வேணாம்னு சொன்னேன்ல?"

"அதுக்குத்தாங்க இந்த பிளேட்டு," என்றாள் பொன்னி. " கழுவற பிளேட்டா இருந்தா, படிச்ச கையோட தூக்கிப் போட்டிருப்பீங்க."

வேடியப்பன் மெஷினை நிறுத்தினார். தாளை முழுசாகப் படித்தார்.

"தென்றல், தப்பு இருக்கு. உங்கம்மா பேரு ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு? வேற பிளேட் போடு. அதுவும் கழுவாத பிளேட்டாவே போடு."