வீட்டுச் சத்தம்

புது மைக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஊரடங்குதான். கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடும்போது மிக்ஸி, ஃபேன், தும்மல் எதற்கும் அனுமதி கிடையாது.

பாட்டைக் கேட்ட இசையமைப்பாளர் போனில் சலித்துக்கொண்டார்.

"சார், படு சுத்தமா இருக்கு. ஆனா உயிரே இல்ல. பின்னணியில கொஞ்சம் வீட்டுச் சத்தம் சேருங்க. இல்லன்னா தேறாது."

கணவர் உடனே இணையத்தில் துழாவி, 'வீட்டுச் சத்தங்கள்' என்ற ஒலித் தொகுப்பை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். மிக்ஸி உறுமியது. பாத்திரம் உருண்டது. "குழாயை மூடுங்கன்னு எத்தனை தடவை கத்தறது?" என்று ஒரு பெண் குரல் சீறியது.

"அடடா! அந்தம்மா கோபத்துல என்ன உயிர்!" என்று மனைவியிடம் சிலாகித்தார். "அவ புருஷன் குடுத்து வெச்சவன்!"

"ரொம்ப சந்தோஷம்ங்க. அதை நெட்டுல ஏத்தி வித்ததே நான்தான். உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு செல்போன்ல பதிவு பண்ணேன்."

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உன் குரலா? எனக்கு அடையாளமே தெரியலையே!"

"எப்படித் தெரியும்? நான் பேசறப்ப என்னைக்காவது ஹெட்போனைக் கழட்டியிருக்கீங்களா?"