சேனல் நான்கு

லெட்டிவா மரத்தின் மேலே இருந்தான். காட்டெருமை மரத்தின் கீழே இருந்தது.

அவனுடைய தொப்பி எருமையின் குளம்புக்கடியில் இருந்தது.

ஆற்று வளைவைத் திரும்பியபோதே அது வெறிகொண்டுதான் நின்றது, யாரோ முன்பே சீண்டிவிட்டதுபோல. கையில் வாக்கி-டாக்கியைத் தவிர எதுவும் இல்லாத வனக்காவலன் வேறென்ன செய்வான்? ஏறிவிட்டான்.

சேனல் ஒன்றில் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தான். அது கருவிக்குக் கருவி நேராகப் பேசுவது. மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் யாராவது இருந்தால்தான் உண்டு. பதில் இல்லை.

மிச்சமிருந்தது சேனல் நான்கு.

அதில் வாயைத் திறந்தால் லோய்போர் குன்றின் உச்சியிலிருக்கும் ரிப்பீட்டர் குரலை வாங்கி நாலாபக்கமும் வீசிவிடும். வனக்காவலர்களின் நான்கு முகாம்களும் கேட்கும். ஊர் மாட்டுக்காரர்களின் மேய்ச்சல் கமிட்டி கேட்கும், அவர்களிடமும் ஒரு கருவி உண்டு. கமிட்டித் தலைவரும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைத்தான் லெட்டிவா பெண் கேட்டுப் போவதாக இருந்தான்.

ஒன்றரை மணி நேரம் யோசித்தான். உட்கார்ந்திருந்த வேலமரத்து முள் அதற்கு மேல் யோசிக்க விடவில்லை.

"கண்ட்ரோல், லெட்டிவா பேசறேன். ஆத்து வளைவுல ஒரு காட்டெருமையைக் கண்காணிச்சுக்கிட்டிருக்கேன். வண்டி ஒண்ணு அனுப்புங்க. ஓவர்."

கட்டுப்பாட்டு அறையில் இருந்த நசியேகுவுக்கு இந்த மாதிரிக் கண்காணிப்பெல்லாம் பழக்கம்.

"எவ்வளவு உயரத்துல இருந்து கண்காணிக்கறே? ஓவர்."

"...மூணு மீட்டர். ஓவர்."

அவ்வளவுதான். வடக்கு முகாம் சிரித்தது. தெற்கு முகாம், எருமைக்குச் சாயங்காலம் வேறு வேலை ஏதும் உண்டா என்று விசாரித்தது. மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவே யாரோ இருமினார். கமிட்டித் தலைவரின் இருமல்தான்.

"சார்ஜண்ட் லெங்கீஸ், எங்க இருக்கீங்க? உங்க ஆளு மரத்துல இருக்கான். ஓவர்."

சார்ஜண்டின் குரல் வந்தது. எல்லா முகாம்களும் அடங்கின.

"எருமையைப் பார்த்து மரமேறுறவன் எல்லாம் ஒரு ரேஞ்சராடா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு மரத்தைத் தொட்டதில்ல! நானே வந்து இறக்கிவிட்டிருப்பேன், ரொம்பத் தூரத்துல வேலிப்பக்கம் நிக்கறேன். ஓவர்."

லெட்டிவாவுக்குக் காது சுட்டது. அப்புறம்தான் உறைத்தது.

அந்தத் திட்டு அவனுக்கு இரண்டு தடவை கேட்டிருந்தது. ஒன்று கையிலிருந்த கருவியில். இன்னொன்று முதுகுக்குப் பின்னால்.

எருமையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினான். நூறடி தள்ளி இன்னொரு வேலமரம். அதன் இலைகளுக்கு நடுவே, பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு பூட்ஸ் தொங்கின. அவற்றுக்கு மேலே சார்ஜண்டின் முகம்.

சேனல் ஒன்றில் மூன்று தடவை கூப்பிட்டது லெட்டிவாவுக்கு ஞாபகம் வந்தது.

சார்ஜண்ட் விரலை உதட்டில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். கூப்பியதில் மரத்திலிருந்து விழப்பார்த்து, அவசரமாகக் கிளையைக் கட்டிக்கொண்டார்.

"லெட்டிவா, அங்க நீ தனியாத்தானே இருக்கே? ஓவர்" என்றாள் நசியேகு.

அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அத்தனை சிரிப்பும் நூறடி தள்ளிக் குடியேறிவிடும்.

எதிர்மரத்தில் பூட்ஸ் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தனியாத்தான்" என்றான். "வண்டியில வரும்போது தண்ணி மட்டும் ரெண்டு பேருக்குக் கொண்டு வாங்க. ஓவர்."

"ஒருத்தனுக்கு எதுக்குடா ரெண்டு பேர் தண்ணி? ஓவர்."

"தாகம் ஜாஸ்தி. ஓவர்."