ஐந்தாவது ஆள்

மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிவிட்டு முனுசாமி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“தேங்க்ஸ் தம்பி,” என்று புஷ்பராணி டீச்சர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் வேறொன்றும் இல்லை.

மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை, எழுந்தான். சரியாகவே இருந்த குமிழைத் திருகினான். ஸ்பீக்கர் கீச்சிட்டது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

தண்ணீர்மலைச் சாலையில் ஒரு மண்டபம். எண்பத்தெட்டாம் வருடம், தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. திருவிழா நெரிசலில் நகையைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி என்று சொல்ல, அரசு வழக்கறிஞர் அலுவலகம் கூட்டிய கூட்டம். துணை வழக்கறிஞர் குலசேகரம் சட்டத்தைச் சொல்லி முடித்திருந்தார். அடுத்து, சங்கிலியைப் பறிகொடுத்த ஒருவர் தன் வாயாலேயே சொல்லப்போகிறார்.

புஷ்பராணி நன்றாகப் பேசினார். நான்கு வருடத்துக்கு முன், பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் வழி. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். கழுத்தில் சுரீரென்று ஒரு இழுப்பு. தாலிக்கொடி போய்விட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. இன்றுவரை கரும்பலகையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் எழுத முடியவில்லை.

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. முனுசாமிக்கும் அது தெரிந்தது.

பிறகு போலீஸ் நிலையம். அடையாள அணிவகுப்பு. ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

“நான் யோசிக்கவே இல்லை. நேரா போய் ஐந்தாவது ஆளின் தோளில் கையை வைத்தேன்.”

மண்டபம் கைதட்டியது.

அந்த ஐந்தாவது ஆள் முனுசாமி.

சங்கிலி பறிபோன நேரத்தில் அவன் தன் வாடகை அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து விழுந்தவன். தீவுக்கும் அக்கரைக்கும் இடையே பாலம் திறக்காத காலம். இரண்டு நாள் கழித்து ஃபெர்ரியை விட்டு இறங்கியபோது போலீஸ் அவனை நிறுத்தியது. பறித்தவன் ஓட்டியதும் சிவப்பு மோட்டார் சைக்கிள், அவன் ஓட்டியதும் சிவப்பு. தனியாகத் தூங்கியவனுக்கு யார் சாட்சி சொல்வது?

டீச்சரின் கை மட்டும் சாட்சியாக இருந்தது. பதினெட்டு மாதம் ஜெயில். வெளியே வந்தபோது வேலை இல்லை. நிச்சயம் செய்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது.

கேள்வி நேரம் வந்தது. கேட்பவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அலுவலக அறிக்கைக்காக குலசேகரம் எழுதிக்கொள்வார். நீள வயர் மைக்கைத் தூக்கிக்கொண்டு முனுசாமி வரிசை வரிசையாகப் போனான். வடிவம்மாள் என்ற அம்மா, கவரிங் நகை போட்டுக்கொண்டு பால்குடம் எடுத்தால் சாமி குத்தமாகுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமி ஒருவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேறு யாரும் கை தூக்கவில்லை. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. பின்பக்கமிருந்து வறுத்த மீஹூன் வாசனை வந்தது.

அவனுக்கு உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது. கால்சட்டையில் துடைத்தான். மறுபடியும் வியர்த்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வயரைச் சுருட்டலாம். லோரியில் ஏற்றினால் வேலை முடிந்தது.

மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனான்.

“டீச்சர், அந்த ஆளு இப்ப உங்க முன்னால வந்து நின்னா தெரியுமா?”

புஷ்பராணி அவன் பக்கம் திரும்பினார். நல்ல கேள்வி என்பதுபோல் தலையாட்டினார்.

“எங்க கண்டாலும் தெரியும் தம்பி. அந்த முகத்தை நான் எப்படி மறக்கிறது?”

மறுபடியும் கைதட்டல்.

இது நான்காவது மண்டபம்.

செபராங் ஜெயாவில் அவர் அவனிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பட்டர்வொர்த்தில் அவனுக்கு ஊர் எது என்று விசாரித்தார். ஆயர் ஈத்தாமில் மழை. அவன்தான் குடை பிடித்துக் கார்வரை கொண்டுபோய் விட்டான். நல்ல பிள்ளை என்றார்.

நான்கு முறையும் ஸ்பீக்கர் கடை முதலாளி வேறு ஆளைத்தான் அனுப்பப் பார்த்தார். நான்கு முறையும் முனுசாமி இந்த வேலையைக் கேட்டு வாங்கினான். இன்றைக்காவது அடையாளம் தெரிந்து ஒரு நொடி திடுக்கிடுவார், அந்த நொடியில் ஏதாவது பேசிவிடலாம் என்று நினைத்து வருவான். ஒன்றும் நடக்காது. வீடு திரும்பி, பாயில் புரண்டு புரண்டு படுப்பான்.

“பேரு சொல்லலையே தம்பி?”

குலசேகரம் தலை நிமிராமல், பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார். அன்று கோர்ட்டில் அந்த வழக்கை நடத்தியவரும் அவர்தான்.

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.

“முனுசாமி,” என்றான். அது போதாது என்று தோன்றியது. தீர்ப்பு நாளில் இவர்கள் இரண்டு பேர் காதிலும் விழும்படி வாசித்தார்களே, அப்படியே மலாயில், அப்பா பெயரோடு முழுதாகச் சொன்னான்.

“முனுசாமி, அனாக் லெலாக்கி சின்னையா.”

மண்டபத்துக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். யாரோ மீஹூன் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

குலசேகரத்தின் பேனா எழுதவில்லை.

மேடையில் புஷ்பராணி மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, முதன்முறையாக, அவன் முகத்தைப் பார்த்தார்.