போயிட்டு வரேன்

புதிய அனிமே கார்ட்டூன் தொடர்களின் முதல் பாகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று பத்திரிகைக்கு எழுதுவது என் வேலை. இந்த முறை காலப் பயணக் கதை. ஞாயிறு காலை மிசோ சூப்பும் கையுமாக உட்கார்ந்தேன்.

ஐந்தாவது நிமிடத்தில் நாயகன் ஒரு தெருவில் நடக்கிறான். ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "போயிட்டு வரேன்" என்றது ஒரு பெண் குரல். என் மனைவி சயோகோவின் குரல். கூட்டக் காட்சிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துவந்தவள். இறந்து மூன்று வருடமாகிறது.

பழைய ஒலிப்பதிவாக இருக்கும் என்று மறுபடியும் ஓடவிட்டேன். முதல் தடவை அந்தக் குரலுக்குப் பின் மூன்று நொடி அமைதி இருந்தது. இரண்டாம் தடவை பத்து நொடி. மூன்றாம் தடவை நாயகன் தெருவிலேயே நின்றுவிட்டான். அந்த வீட்டுக் கதவு பாதி திறந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கசாய் போன் செய்தார்.

"என்னய்யா நெமோதோ, நாலு வரி எழுத மூணு நாளா?"

"முதல் பாகம் இன்னும் முடியல சார்."

"இருபத்துநாலு நிமிஷம்தானேய்யா!"

திரையின் ஓரத்தில், பாகம் ஓடிய நேரம் ஐம்பத்தொரு மணி என்று காட்டியது. கதவிடுக்கில் ஒரு காலணியின் நுனி தெரிந்தது.

இறந்த அன்று காலையிலும் சயோகோ இதையேதான் சொன்னாள். வேலை மும்முரத்தில் நான் பதில் சொல்லவில்லை.

"போயிட்டு வா" என்று இப்போதும் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பிவிடுவாள்.